மலையேற்றத்தில் சூடேறும் டீசல் லொறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து ரெயிலர் பூட்டியோ முழுப் பாரம் ஏற்றியோ கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் ஓடுகின்ற டீசல் லொறிகளின் உரிமையாளர்களும் சாரதிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. ரெயிலர் இழுக்கும் டபிள் கப் வாகனங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். றேடியேற்றர், தேமோஸ்ரற் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் வால்வு), வோட்டர் பம்ப் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் எப்போது, எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைக் கவனித்துவிட்டுக் கையை வைப்பது மலிவான வழி. கீழேயுள்ள விடைகள் அந்த எண்ணத்திலேயே எழுதப்பட்டவை.

ஊரில் ஓடும்போது அசையாத முள், மலையில் மட்டும் ஏன் ஏறுகிறது?

குறை பெரும்பாலும் ஊரிலேயே இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு வேண்டிய சுமை ஊரில் கிடைப்பதில்லை. குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் எதுவும் இல்லை. ஏ-9 வீதியிலும் ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மிகிந்தலை என்று தம்புள்ளை வரை பெரிய சிரமமின்றி ஓடிவிடலாம். நாவுல கடந்து மாத்தளையை நெருங்கும்போதுதான் எஞ்சினுக்கு உண்மையான வேலை தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லொறி, ரெயிலர், பாரம் எல்லாம் சேர்ந்து 10 தொன் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓட ஏறக்குறைய 30 கிலோவாற் வலு போதும். அதே வாகனம் 100 மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏறுவதற்கு ஏறக்குறைய 65 கிலோவாற் தேவைப்படும். டீசல் எரிந்து வரும் சக்தியில் கால் பங்குக்குக் குறையாத அளவு தண்ணீருக்குள் வெப்பமாகப் போவதால், றேடியேற்றர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் இரண்டு மடங்குக்கு மேலாகிறது. முன்னாலிருந்து வரும் காற்றோ பாதியாகக் குறைகிறது. ஊரில் றேடியேற்றரின் பாதிக் குழாய்கள் அடைபட்டிருந்தாலும் மீதிப் பாதி சமாளித்துவிடும். மலையில் முழுவதும் வேண்டும்.

உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தள்ளும் காற்றின் நிறை குறைகிறது. குளிரான காலநிலை இதைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. ஆனால் புசல்லாவைக்கு அப்பால் றம்பொடை வளைவுகளில் இறக்கமே இல்லாமல் நெடுநேரம் ஏறும்போது, சிறிய குறையொன்றுகூட வெளியே வந்துவிடும்.

முள் எவ்வளவு ஏறினால் நிறுத்த வேண்டும்?

பெரும்பாலான எஞ்சின்களில் தேமோஸ்ரற் 82 பாகை அளவில் திறக்கத் தொடங்கி 95 பாகையளவில் முழுதாகத் திறக்கும். ஆகவே ஏற்றத்தில் முள் வழமையான இடத்தைவிடச் சற்று ஏறி, ஏற்றம் தணிந்ததும் இறங்குமாயின் அது இயல்பானது. ஏறிய முள் நிற்காமல் மேலே மேலே போவதும், ஏற்றம் முடிந்த பின்னும் இறங்காமல் நிற்பதும் குறையின் அடையாளங்கள்.

ஒன்றை மனதில் வைத்திருக்க வேண்டும்: பல புதிய வாகனங்களில் முள் ஓர் அகன்ற வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அது அசையும்போது வெப்பம் ஏற்கெனவே எல்லையைக் கடந்திருக்கும். அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் எண்ணில் காட்டும் தனி வெப்பமானி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்ல செலவு.

முள் சொல்வதே பொய்யாக இருக்கலாமா?

இருக்கலாம். முன்விளக்கைப் போட்டதும் முள் சட்டென்று உயர்ந்து, அணைத்ததும் இறங்கினால், அது மின்னிணைப்பில் ஏர்த் சரியில்லாத குறை, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. மறுபுறம், உச்சத்தில் நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். தண்ணீர் வெளியேறி, சென்சர் வெறும் ஆவியில் நிற்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும்.

கராஜுக்குப் போகுமுன் சாரதி எவற்றைக் குறித்துவைக்க வேண்டும்?

ஏற்றம் தொடங்கி எவ்வளவு நேரத்தில் முள் ஏறியது என்பதே முதலாவது. மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறினால் வெப்பத்தை வெளியேற்றும் பக்கத்தில் குறை: றேடியேற்றர் அடைப்பு, விசிறி, உள்ளே சேர்ந்த சுண்ணாம்புப் படிவு. ஓரிரு நிமிடத்தில் பாய்ந்து ஏறினால் தண்ணீர்க் குறைவு, ஓட்டம் தடைப்படுதல், ஹெட் கஸ்கற் (எஞ்சின் புளொக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) என்ற பக்கமாகத் தேட வேண்டும். அடுத்து, கியரைக் குறைத்து எஞ்சினின் சுழற்சியைக் கூட்டியபோது முள் இறங்கியதா? இறங்கினால் பம்பும் பெல்ற்றும் வேலை செய்கின்றன என்று ஓரளவு நம்பலாம். நெடுஞ்சாலை வேகத்தில் சரியாக இருந்து, நெரிசலிலும் மெதுவான ஏற்றத்திலும் மட்டும் சூடேறினால் சந்தேகம் விசிறியின் மேல். வேகமாகப் போகும்போதும் சூடேறினால் றேடியேற்றரின் மேல். அந்த நேரம் விசிறியின் இரைச்சல் கேட்டதா, சைலன்சரில் கரும்புகை வந்ததா, றிசேவ் போத்தலில் (றேடியேற்றரோடு இணைந்த மேலதிகத் தண்ணீர்ப் போத்தல்) மட்டம் உயர்ந்து வழிந்ததா என்பவற்றையும் சொன்னால் மெக்கானிக்குக்கு அரை நாள் மிச்சம்.

செலவில்லாமல் முதலில் எதைப் பார்ப்பது?

எஞ்சின் முழுதாக ஆறிய பின் றேடியேற்றர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். றிசேவ் போத்தலில் தண்ணீர் நிறைந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மூடி பழுதானால் போத்தல் நிறைந்தபடியும் றேடியேற்றர் குறைந்தபடியும் இருக்கும்.

அந்த மூடியைத்தான் பலரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அழுத்த அளவு 0.9 என்று குறிக்கப்பட்ட நல்ல மூடி அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் அதே உயரத்தில் கொதிநிலை 115 பாகை வரை உயரும். மூடியின் றப்பர் வெடித்து அழுத்தம் நிற்காவிட்டால், தேமோஸ்ரற் முழுதாகத் திறக்குமுன்பே தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் முழுக் குளிர்விப்பு முறையிலும் மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. சந்தேகம் இருந்தால் அதே எண் குறித்த புதிய மூடியைப் போடுங்கள். எண் கூடிய மூடியைப் போட்டால் பழைய ஹோஸோ றேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டியோ வெடிக்கக்கூடும்.

பிறகு பெல்ற்றைப் பாருங்கள். உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கினால் அது பாரத்தில் வழுக்குகிறது. றேடியேற்றரின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துப்புரவாக இருக்கிறது என்று முடிவுசெய்யக் கூடாது. இன்ரகூலருக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஏசி கொண்டென்சருக்கும் பின்னால், றேடியேற்றரின் முகத்தில் பூச்சிகளும் எண்ணெய் கலந்த தூசியும் கம்பளிபோல் அடர்ந்திருப்பதை விளக்கு அடித்துப் பார்த்தால்தான் காணலாம். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் காற்றோ தண்ணீரோ அடித்துக் கழுவ வேண்டும். சேர்விஸ் நிலையங்களில் அடிக்கும் கடும் அழுத்தம் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். கழுவியதால் அடைத்த றேடியேற்றர்களும் உண்டு.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றலாமா?

யாழ்ப்பாணத்து லொறிகள் சூடேறுவதற்கு முதற்காரணமாக இதையே சொல்லலாம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதனூடாக வரும் தண்ணீர் குடிக்க நன்றாக இருந்தாலும், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அந்தப் படிவு சூடு கூடிய இடத்தில்தான் முதலில் உறையும்: சிலிண்டர் லைனரின் (பிஸ்ரன் ஓடும் உட்குழாய்) மேற்பகுதியிலும் ஹெட்டில் வால்வுகளுக்கு இடையிலும். சுண்ணாம்புப் படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்களவு மோசமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஒரு மில்லிமீற்றர் படிவு என்பது இரண்டு சென்ரிமீற்றர் தடித்த இரும்புச் சுவரை இடையில் கட்டியதற்குச் சமம்.

இதில் பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று உண்டு. ஒரே ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு கொஞ்சந்தான். அது படிந்து முடிந்தால் புதிதாகப் படிய எதுவுமில்லை. எங்கோ ஒரு சிறு ஒழுக்கு இருந்து, நாள்தோறும் காலையில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இருந்தால், நாள்தோறும் புதிய சுண்ணாம்பு உள்ளே போகிறது. ஆகவே ஒழுக்கை அடைப்பது, தண்ணீரை மாற்றுவதற்கும் முந்திய வேலை.

காரைநகர், வேலணை போன்ற தீவகப் பகுதிகளிலும் கடற்கரையோரக் கிணறுகளிலும் உப்பும் சேர்ந்திருக்கும். அது அலுமினிய றேடியேற்றரையும் பம்பின் இறக்கையையும் அரித்துவிடும். ஊற்றுவதாயின் பற்றரிக்கு விற்கும் வடித்த தண்ணீரை ஊற்றுங்கள். வழியில் வேறு வழியில்லாதபோது கிடைத்த தண்ணீரை ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊர் திரும்பியதும் அதை வெளியேற்றிவிட வேண்டும்.

கூலன்ற் (தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவம்) உண்மையில் தேவையா? எமக்குத்தான் பனி இல்லையே?

பனிக்காக அல்ல, துருவுக்கும் கொதிநிலைக்கும் டீசல் எஞ்சினின் லைனருக்குமாக அது தேவை. டீசல் எஞ்சினில் ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் அதிர்கிறது. தண்ணீர் நேரடியாகத் தொடும் வகை லைனர்களின் வெளிப்புறத்தில் அந்த அதிர்வால் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, காலப்போக்கில் ஊசித்துளைகளை உண்டாக்கும். கனரக டீசலுக்கென்று விற்கும் கூலன்றில் இதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. வெறுந்தண்ணீரில் இல்லை.

பாதிக்குப் பாதி கலப்பது போதுமானது. கூலன்றைக் கூட்டினால் குளிர்ச்சி கூடும் என்பது தவறு. தண்ணீரே வெப்பத்தை நன்றாகச் சுமக்கும், கூலன்ற் கூடக்கூட அந்தத் திறன் குறையும். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களுக்குப் பொதுவான நியமம் ஏதும் இல்லாததால், நிறத்தைப் பார்த்துக் கலக்காமல் போத்தலில் எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள்.

உள்ளே படிவு இருப்பதை எப்படி அறிவது? எப்படி நீக்குவது?

றேடியேற்றர் வாயில் விரலை விட்டுக் குழாய் முனைகளைத் தடவினால் சொரசொரப்பாக, வெள்ளையாகவோ செம்மண் நிறத்திலோ ஒட்டுவதே போதிய சான்று. இன்னும் திருத்தமாக அறிய, எஞ்சின் சூடான நிலையில் அகச்சிவப்பு வெப்பமானியை றேடியேற்றரின் முகம் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, ஒரு பட்டி மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தப் பட்டியில் தண்ணீர் ஓடவில்லை. மினுங்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். கறுப்பு ரேப் ஒட்டிய இடத்தில் பார்த்தால் ஓரளவு நம்பலாம்.

செம்பு, பித்தளை றேடியேற்றராயின் தொட்டியைக் கழற்றி ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம். பிளாஸ்ரிக் தொட்டி பொருத்திய அலுமினிய றேடியேற்றரில் அது பெரும்பாலும் பயனளிப்பதில்லை, மாற்றுவதே மேல். எஞ்சினுக்குள் இருக்கும் படிவுக்குச் சிட்ரிக் அமிலக் கழுவல் மருந்தைப் பொதியில் சொன்ன அளவில் விட்டு ஓடவைத்து, எஞ்சின் புளொக்கின் வடிகால் ஆணியையும் கழற்றி அடிச்சேற்றை வெளியேற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். கோஸ்ரிக் சோடா, பற்றரி அமிலம் போன்ற கைவைத்தியங்கள் அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய எஞ்சினில் கழுவிய பின் புதிய ஒழுக்குகள் தோன்றினால் அதிசயிக்க வேண்டாம். அந்தத் துளைகளைப் படிவுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

விசிறிக் கிளட்ச் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காதால்தான். றேடியேற்றரைக் கடந்துவரும் காற்று சூடானதும் கிளட்ச் பிடித்து, விசிறி வீதி அதிரும்படி இரைய வேண்டும். முள் ஏறிக்கொண்டிருக்க எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டால் கிளட்ச் போய்விட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு, சூடு இருக்கும்போதே இறக்கையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் பல சுற்றுச் சுழன்றாலோ கிளட்சின் நடுவே எண்ணெய் கசிந்த கறை இருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். வழியில் மாட்டிக்கொண்டால் சில வகைக் கிளட்சுகளை ஆணி போட்டு நேரடியாகப் பூட்டி ஓடலாம், ஆனால் அது டீசலைக் குடிக்கும்.

விசிறியைச் சுற்றியுள்ள கூட்டையும் பாருங்கள். விபத்துத் திருத்தத்தின்போது கழற்றிய கூட்டைத் திரும்பப் பூட்டாமல் விடும் கராஜ்கள் உண்டு. கூடில்லாத விசிறி, வெளியேறிய சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

தேமோஸ்ரற்றைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீருமா?

எம்மூரில் அதிகம் சொல்லப்படும் ஆலோசனை இதுவே, பெரும்பாலும் தவறானதும் இதுவே. பல டீசல் எஞ்சின்களின் தேமோஸ்ரற்றில் கீழே ஒரு தட்டு இருக்கும். மேல்வாய் திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கி, றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கிறது. முழுவதையும் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைப் பார்க்காமலே சுற்றிச் சுற்றி வரும். ஊரில் எஞ்சின் குளிர்ந்தபடி ஓடி டீசலை வீணாக்கும். மலையில் முன்னைவிட விரைவாகச் சூடேறும்.

சந்தேகமிருந்தால் கழற்றிய தேமோஸ்ரற்றை நூலில் கட்டித் தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துக் காய்ச்சுங்கள். அதில் பொறித்த பாகையில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்குமுன் முழுதாகத் திறந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே வகைப் புதியதைப் போடுங்கள்.

பம்பையும் ஹோஸ்களையும் எப்படிச் சோதிப்பது?

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியைக் கூட்டும்போது அது நடுவில் ஒடுங்கினால் ஹோஸ் தளர்ந்துவிட்டது, அல்லது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துக் காணாமற் போய்விட்டது, அல்லது றேடியேற்றர் அடைத்திருக்கிறது. ஏற்றத்தில் நிறுத்தியதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டின் வெப்பத்தையும் அளப்பது இன்னும் நல்ல சோதனை. வேறுபாடு 20 பாகைக்கு மேல் என்றால் தண்ணீர் மிக மெதுவாக ஓடுகிறது: பம்ப், பெல்ற், உள்ளடைப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுத்தான் போதவில்லை: விசிறி, வெளியடைப்பு.

றேடியேற்றரில் குமிழி வருகிறது. ஹெட் கஸ்கற் போய்விட்டதா?

இருக்கலாம், ஆனால் ஹெட்டைக் கழற்றுமுன் இன்னும் இரண்டைப் பாருங்கள். காற்றுப் பிறேக் உள்ள லொறிகள் பலவற்றில் காற்றுக் கொம்பிரசரையும் எஞ்சின் தண்ணீரே குளிர்விக்கிறது. கொம்பிரசரின் சிறிய கஸ்கற் வெடித்தால் காற்று தண்ணீருக்குள் புகுந்து, ஹெட் கஸ்கற்றைப் போலவே குமிழி விடும், தண்ணீரைத் தள்ளி வெளியேற்றும். கொம்பிரசருக்குப் போய்வரும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாய்களை ஒன்றோடொன்று இணைத்து, வாகனத்தை நகர்த்தாமல் சில நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி நின்றால் ஹெட்டுக்கு ஒன்றும் இல்லை. புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்புள்ள புதிய வாகனங்களில், அந்தப் புகையைக் குளிர்விக்கும் பாகம் வெடித்தாலும் இதே அடையாளங்கள் தோன்றும்.

இரண்டும் சரியாக இருந்து, காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், வெளியொழுக்கு எதுவுமின்றித் தண்ணீர் குறைந்தால், ஹெட் கஸ்கற் அல்லது ஹெட் வெடிப்பு என்றே கொள்ளலாம். தொடக்க நிலையில் இது பாரத்தில் மட்டுமே தலைகாட்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்நிறமாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

குளிர்விப்பு முறையில் எல்லாம் சரி. ஆனாலும் சூடேறுகிறது?

அப்படியாயின் எஞ்சின் அளவுக்கு மீறி வெப்பத்தை உண்டாக்குகிறது. அடைத்த காற்று வடிகட்டி, ரேபோவுக்கும் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) இன்ரகூலருக்கும் இடையிலான ஹோஸில் வெடிப்பு, இழுவை கூட வேண்டுமென்று டீசல் பம்பில் அளவைக் கூட்டிவைத்தல் ஆகிய மூன்றிலும் ஏற்றத்தில் கரும்புகை வரும். ரெயிலரில் பிடித்தபடி இருக்கும் பிறேக்கும் காரணமாகலாம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க எப்படியும் இறங்கத்தான் போகிறோம்; அந்த நேரம் ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் காரணம் அங்கேதான்.

பாரத்தோடு ஏறும்போது எப்படி ஓட்டுவது?

ஏற்றம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். பெரிய கியரில் எஞ்சின் திணறித் திணறி இழுக்கும்போது டீசல் நிறைய எரியும், பம்பும் விசிறியுமோ மெதுவாகச் சுழலும். சிறிய கியரில் சுழற்சி சற்றுக் கூடினாலும் தண்ணீரும் காற்றும் ஓடும். சத்தத்துக்குப் பயந்து பெரிய கியரில் ஏறுவது பொய்யான சிக்கனம். ஏசியை நிறுத்துங்கள். முள் ஏறத் தொடங்கினால் அக்சிலேற்றரை அரைவாசியாகத் தளர்த்தி, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு மெதுவாக ஏறுங்கள்.

சூடேறிவிட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

ஓரமாக நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் கொடுங்கள். தண்ணீர் வெளியேறாமல் இருந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டாம். நியூற்றலில், நிமிடத்துக்கு 1,200 சுற்றளவில் ஓடவிட்டால் பம்பும் விசிறியும் வெப்பத்தை இழுத்துவிடும், ரேபோவும் தப்பும். ஹோஸ் வெடித்து ஆவி அடித்தாலோ முள் திடீரென்று விழுந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொடக் கூடாது. சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பின்பும் எஞ்சினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும்.

திருத்திய பின், மலையில்லாத யாழ்ப்பாணத்தில் எப்படிச் சோதிப்பது?

முழுமையாகச் சோதிக்க முடியாது. விசிறி இரைவதையும், றேடியேற்றர் முகம் முழுவதும் ஒரேயளவு சூடாவதையும், ஓர் இரவு நிறுத்திவைத்த பின் மட்டம் குறையாமலிருப்பதையும் ஊரிலேயே உறுதிப்படுத்தலாம். மிச்சத்தைப் பாதிப் பாரத்தோடு மாத்தளைக்கு ஒரு பயணம் போய்ப் பாருங்கள். நாவுலவில் நிறுத்தி முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மாத்தளையில் மறுபடியும் பாருங்கள். அங்கிருந்து அக்குறணைப் பக்கமாகக் கண்டிக்கு ஏறும்போதும் முள் நிலைத்து நின்றால், அடுத்த முறை ரெயிலரோடு றம்பொடைக்குப் போகலாம். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் மட்டத்தைப் பார்த்து, புதிதாகப் போட்ட ஹோஸ்களின் கிளிப்புகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். புதிய றப்பர் முதல் சூட்டில் சற்றுத் தளரும்.